மேற்கு வரப்பு

"அம்மா, அய்யாவும் அளத்துக்கா வேலைக்குப் போறாரு?"

ஆதிரா ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. பனையடிவிளை நிழல்தாங்கலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பணிவிடையின்போது கேட்டாள். அய்யாவையே தெய்வமாகக் கும்பிடுகிற அய்யா வழிக்காரர்களுக்கு இந்தத் தாங்கல்தான் கோயில், அதில் சிலை கிடையாது. கருவறையாக இருக்கும் பள்ளியறைக்குள் ஒரு விளக்கு, விளக்குக்குப் பின்னால் பெரிய கண்ணாடி. கும்பிட வருகிறவர் அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். இடுப்பில் இருந்த பிள்ளையிடம் சுனிதா, "உள்ள தெரியுது பாரு, அதாக்கும் அய்யா" என்று காட்டினாள். பிள்ளை உற்றுப் பார்த்தது. கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் இருந்தது. இரண்டு கன்ன எலும்பிலும், நெற்றியிலும், மேலுதட்டின் மீதும் கரியைத் தேய்த்துவிட்டாற்போல மங்கு படர்ந்திருந்தது. உப்பளத்துப் பெண்களுக்கெல்லாம் முகத்தில் வருகிற அதே கருந்திட்டு. அதனால்தான் பிள்ளை அப்படிக் கேட்டது.

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நாமம் இடுகிற பெரியவரும் சிரித்தார். "போறாரு மக்கா. ஒங்கம்மைக்க கூடத்தான் போறாரு" என்று சொல்லி, ஆதிராவின் நெற்றியில் வெள்ளை நாமத்தை நீளமாக இழுத்துவிட்டார்.

சுனிதாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் கண்ணாடிக்கு நேராக நின்றதில்லை. தூணோரமாக ஒதுங்கி, விளக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நின்று கும்பிடுவாள். அதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் விழுவதில்லை. தலையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் ஓலைத் தொப்பி வைத்தாலும், காய்ந்து வெளுத்த பாத்தி கீழேயிருந்து வெளிச்சத்தை முகத்தில் எறியும். நாடிக்கு அடியில்கூடத் தோல் கருகும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, சின்ன வயதிலேயே கண்ணோரத்தில் கோடு விழுந்துவிடும்.

ஒரு பாத்திக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி கிழக்கு வரப்பில், இன்னொருத்தி மேற்கு வரப்பில். எதிரெதிரே நின்று, நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை அவரவர் பக்கம் இழுத்துக் குவிக்க வேண்டும். விடிந்ததும் தொடங்கினால் உச்சிக்கு முன்னால் முடித்துக்கொள்வார்கள். காலை முழுவதும் சூரியன் கிழக்கே இருப்பதால், கிழக்கு வரப்பில் நிற்கிறவளுக்கு முதுகில் வெயில். மேற்கு வரப்பில் நிற்கிறவளுக்கு நேரே முகத்தில். மூத்தவளுக்குக் கிழக்கு வரப்பு, இளையவளுக்கு மேற்கு என்பது அந்த அளத்தில் யாரும் சொல்லாமலே நடந்துவரும் ஏற்பாடு. சுனிதா கல்யாணமாகி வந்த வருசம் பகவதியம்மாளோடு ஜோடி சேர்ந்தாள். அன்றிலிருந்து மேற்கு வரப்புதான்.

மங்குக்கு அவள் செய்யாத வைத்தியம் இல்லை. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் பூசினாள். உருளைக்கிழங்குச் சாறு, மைசூர்ப் பருப்பு மாவு, டிவியில் காட்டுகிற கிரீம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். பகவதியம்மாள் எதிர்வரப்பிலிருந்து கத்துவாள்.

"ஏட்டி, இன்னைக்கு என்னத்தப் பூசிக்கிட்டு வந்திருக்க? சாம்பார் மணக்குது!"

"பருப்பு மாவுக்கா."

"கொஞ்சம் புளியும் காயமும் போட்டிருந்தா இந்த வெயிலுக்கு நல்லாக் கொதிச்சிருக்கும். மத்தியானக் கஞ்சிக்கு ஆயிருக்கும்லா."

சுனிதா சிரிப்பாள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு தங்காது.

போன வருசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது சுனிதா பந்தி விளம்பும் இடத்துக்கு நழுவிப்போனாள். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்திருந்த ஜிஷா அதைப் பார்த்துவிட்டாள். ரோட்டுச் சந்திப்பில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். இளகின மனசு. சுனிதாவைத் தனியே கூப்பிட்டு ஒரு சின்ன டப்பாவைக் கையில் திணித்தாள். டப்பாவில் பெயர் இல்லை, எழுத்தே இல்லை.

"வெளிநாட்டுலேருந்து வாறதுக்கா. நான் போடுகதும் இதுதான். ராத்திரி முகத்தக் கழுவிட்டுத் தடவுங்கோ."

"என்ன வெல பிள்ளே?"

"நான் வெல சொன்னனா? கொண்டு போங்கோ. அடுத்த கல்யாணத்துக்குப் போட்டோவுல நிக்கணும். அதாக்கும் வெல."

ஒரு மாசம்கூட ஆகவில்லை. கரி துடைத்தெடுத்தாற்போல மங்கு மறைந்தது. முகம் வெளுத்து மினுமினுத்தது. அளத்துப் பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். டெம்போவில் உப்பு லோடு அடிக்கிற அவள் புருசன் நாகேந்திரன், "யாருட்டி நீ? என் வீட்டுக்காரி எங்க?" என்று கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை சுனிதா தூணைவிட்டு நகர்ந்து கண்ணாடிக்கு நேராக நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அய்யாதான் ஜிஷாவின் கையால் கொடுத்தார் என்று நினைத்தாள். டப்பா தீரத் தீரப் போய் வாங்கினாள்.

தை பிறந்ததும் அவள் கால் வீங்கத் தொடங்கியது. அளத்தில் கால் வீங்குவதை யாரும் நோயாக நினைப்பதில்லை. தினமும் உப்புவெள்ளத்தில் இறங்கி ஏறினால் பாதம் ஊதும், வெடிக்கும், எரியும். அதற்கு அளத்துக் கால் என்றே பெயர்.

"அக்கா, எனக்கு இந்த வாட்டி கொஞ்சம் கூடுதலா இருக்கோ?" என்று ஒருநாள் காலைக் காட்டினாள்.

பகவதியம்மாள் பலகையை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள். "அளத்துல நிக்கவளுக்குக் காலு வீங்காம பின்ன பூவா பூக்கும்? முட்டளவுக்கு ரப்பர் பூட்சு ஒண்ணு வாங்கிப் போடு. சரியாப்போவும்."

சுனிதா பூட்சு வாங்கினாள்.

மாசி மாதம் ஒரு காலையில் ஆதிரா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாகர்கோவிலில் முதல் வருசம் படிக்கிறாள். வாசலில் செருப்பை மாட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பஸ்ஸு போயிரும் மக்கா. என்ன நிக்க?"

"செருப்பு ஏறல்லம்மா."

"வேற யாருக்க செருப்பையாவது மாத்திப் போட்டுட்டு வந்தியா?"

"என் செருப்புதாம்மா."

சுனிதா குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கணுக்கால் எலும்பே தெரியவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கண் இமை இரண்டும் தூங்கி எழுந்தாற்போல் உப்பியிருந்தன. நாலைந்து நாளாகவே அப்படித்தான் இருந்தது. ராத்திரி படிக்கிறாள் என்று நினைத்திருந்தாள். பெருவிரலால் கணுக்காலில் அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. குழி நிரம்புமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நிரம்பவில்லை.

"வலிக்கா?"

"இல்ல." ஆதிரா தயங்கினாள். "ஒண்ணுக்குப் போனா நுரைநுரையா வருதும்மா. சோப்புப் பொடி போட்டமாரி."

சுனிதா மறுபடியும் அமுக்கினாள். தன் கால் வீங்கினால் அது உப்பு. இவள் கால் ஏன் வீங்க வேண்டும்? பெற்ற அன்றே, இந்தப் பிள்ளையை அளத்து வரப்பில் ஏறவிட மாட்டேன் என்று அய்யாவிடம் சொல்லியிருந்தாள். இந்தக் கால் ஒருநாளும் உப்புவெள்ளத்தில் இறங்கியதில்லை.

அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு எடுத்து, சிறுநீர் கொடுத்து, ரத்தம் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் சுனிதா பாதி எழுந்து உட்கார்ந்தாள். வாய்க்குள் "அய்யா உண்டு, அய்யா உண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு ஆதிராவைப் பார்த்தார்.

"சிறுநீர்ல புரதம் நிறையப் போகுது. கிட்னில கசிவு இருக்கு. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

"இல்ல."

"முகத்துக்கு ஏதாவது போடுறியா?"

ஆதிரா தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் போடல்ல."

டாக்டரின் பார்வை சுனிதாவிடம் திரும்பியது. வெளுத்த முகத்தையும், கறுத்து வெடித்த கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கிறீங்கம்மா?"

"அளத்துல, உப்பு வாருகது."

"உப்பளத்துலயா? முகம் மட்டும் இவ்வளவு வெளுப்பா இருக்கே. உங்க காலைக் காட்டுங்க."

"எனக்கு அது அளத்துக் காலாக்கும் டாக்டர். இவளப் பாருங்கோ."

"காட்டுங்கம்மா."

டாக்டர் அமுக்கினார். மகளுக்கு விழுந்த அதே குழி தாய்க்கும் விழுந்தது.

"இது உப்புத் தண்ணியால வர்ற வீக்கம் இல்லம்மா. என்ன கிரீம் போடுறீங்க? பேர் என்ன?"

"பேரு… அதுல பேரு கெடையாது."

"பாப்பா, அம்மாவோட கிரீமை நீ எடுத்தியா?"

"அவ எடுக்கமாட்டா டாக்டர். அவளுக்கு முகத்துல ஒரு கொறையும் இல்ல" என்றாள் சுனிதா.

ஆதிராவின் தோள் குலுங்கியது. "எடுத்தேன்."

"எதுக்கு மக்கா?" சுனிதா அவள் முகத்தை நிமிர்த்தினாள். "ஒனக்கு எதுக்கு?"

"எனக்கும் கன்னத்துல லேசா கறுக்க ஆரம்பிச்சுதும்மா. பஸ்ஸுக்கு வெயில்ல நிக்கேன்லா. ஒனக்கு வந்தமாரி வந்திருமோன்னு பயமாயிருந்து. சின்னதுல நான் தாங்கல்ல வச்சு ஒண்ணு கேட்டேன்லா? அதுக்குப் பொறவு நீ கண்ணாடிக்கு முன்ன நிக்கவேயில்ல. எனக்குத் தெரியும். எனக்கும் வந்தா நானும் அப்படி ஒதுங்கித்தான நிக்கணும்…"

சுனிதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சுனிதாவையும் சிறுநீர் கொடுக்கச் சொன்னார், அதிலும் புரதம் இருந்தது.

பிறகு பொறுமையாகச் சொன்னார். இப்படிப் பேரில்லாத கிரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. அது தோல் வழியாக இறங்கிக் கிட்னியைத் தொடும். டப்பாவைக் கொண்டுவந்தால் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அதற்குக் காத்திராமல் இன்றைக்கே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், மாசக்கணக்காகும். சரியாகாவிட்டால் கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"ரெண்டு பேரும் உப்பைக் குறைக்கணும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் தொடவே கூடாது."

"உப்பா?" என்றாள் சுனிதா. அவள் சீலைக் கரையில் முந்தின நாள் உப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

தோல் டாக்டரிடமும் அனுப்பினார்கள். அவர் சுனிதாவிடம், "மங்கு திரும்ப வரும்மா. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும், பயப்படாதீங்க. அது துணியில பட்ட கறை மாதிரி இல்ல, தேய்ச்சு எடுக்க முடியாது. வெயில்தான் அதுக்குத் தீனி. சன்ஸ்கிரீன் தர்றேன், தடவிட்டுப் போங்க, வேர்த்தா மறுபடி தடவுங்க. அகலமான தொப்பி வேணும். முகத்துக்கு நேரா வெயில் வாங்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். சட்டுனு வெளுத்தா அதுக்குத்தான் பயப்படணும்" என்றார்.

முகத்துக்கு நேராக வெயில் வாங்காமல் மேற்கு வரப்பில் எப்படி நிற்பது என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது தன் முகம் ஒரு பொருட்டாக இல்லை.

அன்று ராத்திரி உப்பில்லாத கஞ்சியும் உப்பில்லாத கொள்ளுத் துவையலும். ஆதிரா ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்தாள். நாகேந்திரன் தனக்கு ஊற்றியிருந்த கஞ்சியில் உப்புப் போடவிடவில்லை.

"நமக்கென்ன வேற கஞ்சியா? எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று மடமடவென்று குடித்தான். முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி கோணியது. ஆதிரா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் உப்பிய இமைகள் மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அவன் எழுந்து வெளியே போனான். சுனிதா பின்னால் போனாள்.

"நாளைக்கு அவளுக்க கடைய நான் அடிச்சு ஒடைக்கேனா இல்லியா பாரு."

"பெகளம் வச்சா பிள்ளைக்கு நீரு வடியுமா?"

"பின்ன சும்மா விடச் சொல்லுகியா?"

"நானும் வாறேன். மொதல்ல நான் பேசுகேன். அடிக்கணும்னா நானே அடிக்கேன். எனக்குக் கையில்லையா?"

காலையில் டெம்போவைப் பார்லருக்கு எதிரே நிறுத்தினான். சுனிதா இறங்கிப் போனாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். 'என் பிள்ளைக்க காலு ஒரு நாளும் உப்புவெள்ளத்துல எறங்கினதில்ல' என்பதுதான் முதல் வாக்கியம்.

"அக்கா! டப்பா அதுக்குள்ள தீந்துட்டா?" என்று ஜிஷா முக்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள். செருப்பு வாரின் தடம் இரண்டு பாதத்திலும் கயிறு கட்டி அவிழ்த்தாற்போல ஆழமாகப் பதிந்திருந்தது.

சுனிதா அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துபோயிற்று. தரையில் உட்கார்ந்து, ஜிஷாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா செய்யுதியோ? காலப் புடிக்காதீங்கோ."

சுனிதா பெருவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது.

"இது எப்பளேருந்து பிள்ளே?"

"நிண்ணே வேல பாக்கதுல்லாக்கா. நீராக்கும். சாய்ங்காலமானா வரும், போவும்."

"எனக்கும் உப்புன்னுதான் நெனச்சேன்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகளின் செருப்பு, நுரை, டாக்டர் அமுக்கியது, பாதரசம். ஜிஷா காலை இழுத்துக்கொண்டாள்.

"என் சாதனத்துக்குக் குத்தம் சொல்லாதீங்கோ அக்கா. நான் யாருக்கும் கெடுதல் செஞ்சவ இல்ல. நானே ரெண்டு வருசமா இதத்தான…"

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். சுவரில் இருந்த பெரிய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். இமைகளைத் தொட்டுப் பார்த்தாள். "நுரையா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கும் உண்டுக்கா." அவள் முக்காலியிலிருந்து தரைக்கு இறங்கி உட்கார, சுனிதா மறுபடியும் அந்தக் காலை மடியில் எடுத்துக்கொண்டாள்.

நாகேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தரையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கால் இன்னொருத்தியின் மடியில். ஜிஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான்.

"அவள வண்டியில ஏறச் சொல்லு" என்றான் கடைசியில். "டப்பா எல்லாத்தையும் ஒரு சாக்குல அள்ளிக்கிடச் சொல்லு. ஓபி சீட்டு பன்னெண்டு மணிக்கு மேல குடுக்கமாட்டான்."

கோபப்பட நியாயம் இருக்கிற இடத்தில் ஒருவர் குனிந்து காலைத் தொட்டுப் பார்ப்பதை, தெய்வம் கவனிக்காமல் இருக்காது.

ஆஸ்பத்திரி அலைச்சல் ஓய்ந்து சுனிதா அளத்துக்குத் திரும்பியபோது, அவளுடைய இடத்தில் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள் என்று பயந்துகொண்டே போனாள். போடவில்லை. அவள் பங்கையும் பகவதியம்மாளே இழுத்துவிட்டதாக மேஸ்திரி சொன்னார்.

நாகேந்திரன் வாங்கிக் கொடுத்த அகலத் தொப்பியோடும், சன்ஸ்கிரீன் பூசிய முகத்தோடும் வந்தவளைப் பார்த்துப் பகவதியம்மாள் கூவினாள்.

"யாருட்டி இது! துரைசானி அளம் பாக்க வந்திருக்காளா?"

கூவியவள் மேற்கு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அது என் எடமில்லா?"

"ஒன் பேரு எழுதி ஒட்டியிருக்கா? அந்தப் பக்கம் போ. கெழக்கு வரப்பு வழுக்குது. மூட்டு வலிக்காரி விழுந்தா ஒன் மாப்பிள்ளையா வந்து தூக்குவான்?"

சுனிதா தர்க்கம் செய்யவில்லை. தலைக்குள் வேறு கவலை நிறைந்திருந்தது. அடுத்த பரிசோதனையில் என்ன வருமோ, ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியிருக்குமோ என்று. தினமும் காலையில் மகளின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அளத்துக்கு வந்தாள். ஒருநாள் குழி குறைந்தாற்போல இருக்கும். மறுநாள் அப்படியே இருக்கும். கூடியிருக்கிறதோ என்றும் தோன்றும். அவள் முகத்தில் மங்கு திரும்ப ஏறியது. டாக்டர் சொன்னபடியே முன்னைவிடக் கறுப்பாக வந்தது. கிழக்கு வரப்பில் முதுகில் வெயில் வாங்கிக்கொண்டு, பலகை இழுத்துக்கொண்டே நாட்கள் போயின.

பங்குனியில் இரண்டாவது பரிசோதனை. "குறைஞ்சிருக்கு. முழுசா நிக்கல. ஆனா குறையுது. ரெண்டு பேருக்குமே" என்றார் டாக்டர். ஜிஷாவுக்கும் குறைந்திருந்தது. அவள் பார்லர் கதவில், பேரில்லாத கிரீம் போட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று தன் கைப்பட எழுதி ஒட்டியிருந்தாள். பாதி வாடிக்கைக்காரர்கள் அவளைத் திட்டினார்கள், பாதிப்பேர் போய்க் காட்டினார்கள்.

மறுநாள் அளத்தில் சுனிதாவுக்குக் கண் கொஞ்சம் திறந்தது. தலைக்குள் இருந்த பாரம் சற்று இறங்கியதும் எதிரே இருப்பது தெரிய ஆரம்பித்தது. கஞ்சி குடிக்கப் பூவரசு நிழலில் உட்கார்ந்தபோது பகவதியம்மாள் தலைத்துண்டை அவிழ்த்தாள். இரண்டு கன்னமும் தோல் உரிந்து சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

சுனிதா திரும்பிக் கிழக்கு வரப்பைப் பார்த்தாள். கால் வைக்க வாகாக அதில் கல் பதித்திருந்தது. பகவதியம்மாளே பல வருசங்களுக்கு முன்னால் பதித்த கல். அந்த வரப்பு ஒருநாளும் வழுக்கியதில்லை.

"அக்கா, கெழக்கு வரப்பு வழுக்கல்லியே."

"இப்ப வழுக்காது. வெயிலு ஏறிட்டுல்லா."

"அக்கா…"

"ஏட்டி, வாய மூடிக்கிட்டுக் கஞ்சியக் குடி. நன்னி கின்னின்னு ஒரு வார்த்த வந்துதோ, நான் மேஸ்திரிட்ட சொல்லி வேற பாத்திக்குப் போயிருவேன், கேட்டியா? இந்தக் கெழட்டு மூஞ்சிய இனி எவன் பொண்ணு பாக்க வாறான்?"

பகவதியம்மாள் கஞ்சிப் பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே, சுனிதாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"அளத்துக் காலுன்னு சொன்னவ நானாக்கும். நீ காட்டுனப்ப ஒருவாட்டி அமுக்கிப் பாத்திருந்தேன்னா, பிள்ளைக்கு இவ்வளவுக்கு ஏறியிருக்காது. சவம், பலகையக் கீழ வைக்க எனக்கு மனசு வரல்ல."

"ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"குடி, குடி. ஈ விழுந்திரும்."

அடுத்த நாள், கிழக்கே லேசாகக்கூட வெளுக்காத நேரத்தில் சுனிதா எழுந்தாள். உறங்கிக் கிடந்த ஆதிராவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் வெளியே வந்து, பனங்காட்டு வழியாக அளத்துக்கு நடந்தாள். மேஸ்திரியின் கொட்டகை பூட்டிக் கிடந்தது. வரப்பில் ஒரு கொக்குகூட வந்திருக்கவில்லை. பூட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பகவதியம்மாளின் பலகையை எடுத்துக்கொண்டு மேற்கு வரப்பில் ஏறினாள்.

சூரியன் வருமுன் அந்தப் பக்கத்து உப்பை முழுக்க இழுத்துவிட வேண்டும். இழுத்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. உப்பு சரசரவென்று வந்து வரப்போரம் குவிந்தது. பாதிக்கு மேல் முடிந்தபோது கிழக்கு வெளுத்தது. காற்று இல்லாத நேரம். பாத்தி வெள்ளம் அசையாமல் கிடந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டின் மீதும் கறுப்பு. அவள் ஒதுங்கவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தாள். நாமம் இட்ட பெரியவரின் பதில் எங்கிருந்தோ வந்தது. ஒங்கம்மைக்க கூடத்தான் போறாரு.

"அய்யா உண்டு" என்று சொல்லிவிட்டுப் பலகையை வெள்ளத்தில் இறக்கினாள்.

குவித்து முடித்ததும் பலகையைக் கழுவி இருந்த இடத்தில் சாய்த்து வைத்தாள். இனி பகவதியம்மாளுக்கு அந்தப் பக்கத்தில் வேலை கொஞ்சம்தான் இருக்கும். வெயில் ஏறுமுன் அவள் நிழலுக்குப் போய்விடலாம். திரும்பும்போது வரப்பின் ஈர மண்ணில் தன் வெறுங்கால் தடங்கள் நீளக் கிடப்பதைப் பார்த்தாள். ஐந்து விரலும் தனித்தனியே பதிந்திருந்தன. கால் வீங்கத் தொடங்கியதிலிருந்து அது அப்படிப் பதிந்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பனையோலைத் துண்டை எடுத்து, பின்னோக்கி நடந்தபடியே ஒவ்வொரு தடமாக அழித்துக்கொண்டு போனாள்.